இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வேப்பங்கொட்டையை ஊறவையுங்கள்

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை வரை சாலையின் இருபுறமும் தக்காளி பயிராகும் எங்கள் பகுதியில், இலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் மூலிகைப் பூச்சிவிரட்டியைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் புழு சுண்டுவிரல் பருமனுக்கு வளர்ந்து, இலையை விட்டுக் காய்க்குள் தலையை நுழைத்திருக்கும். அந்த நிலையில் அடிக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் பலன் தராது. தெளித்தவரும் "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விடுவார். குறை கரைசலில் இல்லை, அதைத் தெளித்த நாளில்தான் இருக்கிறது என்பதை நான் பல முறை என் சொந்தக் கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே, கரைசல் தயாரிக்கும் முறையைச் சொல்வதற்கு முன்னால், அதை எப்போது தயாரிக்க வேண்டும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாவரச் சாறுகள் பெரும்பாலும் பூச்சியை அந்த இடத்திலேயே கொல்பவை அல்ல. வேப்பம்பருப்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் மூன்று வகையில் வேலை செய்கிறது: இலையைக் கடிக்கும் புழுவுக்குத் தீனியின் மேல் வெறுப்பை உண்டாக்குகிறது, தாய் அந்துப்பூச்சி அந்த இலையில் முட்டையிடுவதைக் குறைக்கிறது, புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறுவதற்குத் தேவையான இயக்குநீரின் (ஹார்மோனின்) வேலையைக் குலைக்கிறது. 1959-ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, சுற்றிலும் இருந்த பசுமையெல்லாம் மொட்டையாகிப் போக, வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நின்றதைக் கண்ட ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர், அதன் பிறகு வேம்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அங்கே நடந்ததும் இதுதான்: வெட்டுக்கிளி செத்து விழவில்லை, தின்ன மறுத்தது. தோலுரிக்கும் வேலையைக் குலைக்கும் சாறு, இன்னும் பல முறை தோலுரிக்க வேண்டிய குட்டிப் புழுவிடம் நன்றாகவும், கூட்டுப்புழுவாகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் கிழட்டுப் புழுவிடம் மிகக் குறைவாகவும் வேலை செய்யும். முட்டையும் முதற்பருவப் புழுவும் கண்ணில் படும் நாளே தெளிப்பதற்கு உரிய நாள்.

அந்த நாளைக் கண்டுபிடிக்க, நட்ட 15 நாளிலிருந்து வாரம் இரண்டு முறை காலையில் வயலுக்குள் குறுக்காக நடந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக 20 செடிகளில் மேலே ஒரு கொழுந்து, நடுவில் ஓர் இலை, அடியில் ஓர் இலை என்று திருப்பிப் பார்க்க வேண்டும். பச்சைக் காய்ப்புழுவின் முட்டை கடுகைவிடச் சிறிய, வெளிர்நிற உருண்டையாக, கொழுந்துப் பகுதியில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். அது மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். புரோடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி, நூற்றுக்கணக்கான முட்டைகளை இலையின் அடியில் குவியலாக இட்டு, தன் உடலின் பழுப்பு மயிரால் மூடி வைத்திருக்கும்; பார்ப்பதற்குச் சிறு பஞ்சுத் துண்டு ஒட்டியதுபோல் இருக்கும். பொரிந்த குஞ்சுகள் முதல் சில நாட்கள் கூட்டமாக ஒரே இலையில் இருந்து பச்சையத்தைச் சுரண்டுவதால், அந்த இலை மட்டும் வெண்மையாகி எண்ணெய்த்தாள் போல் தெரியும். அப்படி ஓர் இலை கண்ணில் பட்டால் எந்தக் கரைசலும் வேண்டாம். இலையைக் கிள்ளி மண்ணில் புதைத்தாலே ஒரு படை ஒழியும். வரப்போரம் நாம் நடும் ஆமணக்கில்தான் இந்தக் குவியல்கள் முதலில் வரும் என்பதால், ஆமணக்கு இலையைத் தினமும் பார்ப்பது பெரிய உதவி.

கத்தரியில் இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி சல்லடையாக்கும் புள்ளி வண்டையும், செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டையும் பலர் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். இலை தின்னும் புள்ளி வண்டின் முதுகில் மெல்லிய மயிர் அடர்ந்திருப்பதால் மங்கலாக, தூசி படிந்தது போல் இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். மஞ்சள் நிற முட்டைகள் இலைக்கடியில் நெல்லை நட்டு வைத்தது போல் கூட்டமாக நிமிர்ந்து நிற்கும். முட்டைக்கோசில் தொட்டவுடன் துடித்து, நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கும் சிறு பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியுடையது. எது எதுவென்று ஐயம் இருந்தால், அந்த இலையைப் பூச்சியோடு கிள்ளி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். பூச்சியின் பெயர் தெரியாமல் தெளிப்பது, நோய் தெரியாமல் கசாயம் குடிப்பதைப் போன்றது.

கொட்டை சேர்க்கும் காலம்

வேப்பங்கொட்டைக் கரைசலின் தரம் ஆனி, ஆடி மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரத்தடியில் மஞ்சளாக உதிரும் பழங்களை இரண்டு நாளுக்கு ஒரு முறை பொறுக்கி, சதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவி நீக்கிவிட்டு, கொட்டையைச் சாக்கின் மேல் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான்; ஆனால் அதனால் அசாடிராக்டின் குறைகிறது. தரையில் பல நாள் கிடந்து மழையில் நனைந்த பழங்களைச் சேர்க்கவே கூடாது. அவற்றின் பருப்பு உடைத்துப் பார்த்தால் கறுத்தோ பூஞ்சணம் பூத்தோ இருக்கும். நல்ல பருப்பு வெளிர்ப் பச்சையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும்; நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். காய்ந்த கொட்டையைச் சணல் சாக்கிலோ மண்பானையிலோ காற்றுப் படும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆடியில் சேர்த்தது பங்குனி வரை வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. பாதி வழியில் கொட்டை தீர்ந்து தெளிப்பு நின்றுபோவது அதனால்தான். ஐந்து விழுக்காட்டுக் கரைசலுக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு தேவை. ஓடு நீக்கினால் கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதிதான் பருப்பாகக் கிடைக்கும். வளர்ந்த தக்காளிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரு தெளிப்புக்கே 10 கிலோ பருப்பு, அதாவது 20 கிலோ கொட்டை ஆகிறது. செடி சிறிதாக இருக்கும் முதல் இரண்டு தெளிப்புக்கு இதில் பாதி போதும். நான்கு தெளிப்புக்குத் திட்டமிடுபவர் அறுபது எழுபது கிலோ கொட்டையாவது கையில் வைத்திருக்க வேண்டும். இது ஒரு வீட்டுக்குப் பெரிய வேலைதான். ஆனால் அரை ஏக்கர், கால் ஏக்கர் காய்கறி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மரத்தின் கொட்டை தாராளமாகப் போதும்.

கரைசல் தயாரித்தல்

தெளிப்பதற்கு முந்தைய நாள் மாலையில் பருப்பை உரலில் போட்டு மெதுவாக இடிக்க வேண்டும். பருப்பு மாவாகக் கூடாது. ரவையைவிடச் சற்றுப் பெரிதாக நொறுங்கினால் போதும். ஓங்கி இடித்தால் எண்ணெய் பிரிந்து உலக்கையில் ஒட்டிக்கொள்ளும், சாறும் ஒழுங்காக இறங்காது. மிக்சியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் விட வேண்டும். இடித்த 5 கிலோவை ஒரு மெல்லிய துணியில் தளர்வாக மூட்டை கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே அழுத்தி அழுத்திப் பிழிந்தால், முதலில் பழுப்பாகவும் பிறகு பால் போல வெள்ளையாகவும் சாறு இறங்கும். வெள்ளை குறைந்து தண்ணீராக வரும் வரை பிழிந்து, இரண்டு மடிப்பு மல்துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நிரப்ப வேண்டும். பத்து லிட்டர் டேங்க் ஒன்றுக்கு மட்டும் செய்பவருக்கு அரை கிலோ பருப்பும் 1 லிட்டர் ஊறல் தண்ணீரும் போதும்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது உப்புத்தண்ணீர். நான் முதன்முதலில் கரைசல் செய்த ஆண்டில், புத்தகத்தில் சொன்னபடி 100 லிட்டருக்கு 200 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்து, போர்த் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினேன். நுரையே வரவில்லை. சிறிது நேரத்தில் தயிர் திரிந்தது போல வெள்ளைத் திப்பிகள் மேலே மிதந்தன. பாதி டேங்க் அடிப்பதற்குள் மூன்று முறை நாசில் அடைத்துக்கொண்டது. இலையில் விழுந்த துளிகளோ ஒட்டாமல் உருண்டு மண்ணில் விழுந்தன. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாக மாறுவதால் இப்படி நடக்கிறது. அடுத்த முறையிலிருந்து நான் சோப்பை விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறினேன். பத்து லிட்டர் டேங்குக்குப் பத்துப் பதினைந்து கொட்டையின் தோலை முந்தைய இரவே வெந்நீரில் ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து வடிகட்டினால், எந்த உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும் பழுப்புச் சாறு கிடைக்கும். போதுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: ஓர் இலையைக் கரைசலில் முக்கி எடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் கொஞ்சம் பூந்திச் சாறு வேண்டும். இலை முழுவதும் மெல்லிய படலமாகப் பரவினால் போதும். முட்டைக்கோசு, காலிபிளவர் இலைகளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அவற்றுக்குத் தக்காளியைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

உப்புத்தண்ணீரால் வரும் இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. அசாடிராக்டின் சற்றே புளிப்பான நீரில் நிலைத்திருக்கும். காரத்தன்மை மிகுந்த நீரில் சிதைந்துபோகும். ஆகையால் இரவு முழுவதும் ஊறவைக்கும் அந்த 10 லிட்டருக்காவது பிடித்து வைத்த மழைநீரையோ, வீட்டுக்கு வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையோ பயன்படுத்துங்கள். மீதி 90 லிட்டரைப் போர்த் தண்ணீரில்தான் நிரப்ப வேண்டும் என்றால், தெளிப்பதற்குச் சற்று முன்னால் நிரப்பி, அன்று மாலைக்குள் தீர்த்துவிட வேண்டும். கலந்த கரைசலை மறுநாளைக்கு வைக்கவே கூடாது.

வேப்பெண்ணெய் கைவசம் உள்ளவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி வரை பயன்படுத்தலாம். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் அது மேலே மிதந்து, டேங்கின் கடைசித் தண்ணீரில் மொத்தமாக வந்து நான்கு செடிகளைக் கருக்கிவிடும். முதலில் எண்ணெயையும் பூந்திச் சாற்றையும் ஒரு குடுவையில் சேர்த்து, வெண்ணெய் நிறமாகத் திரளும் வரை குலுக்கிவிட்டு, அதன் பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். நாற்றுக்கும் வெள்ளரி வகைக்கும் குறைந்த அளவே நல்லது. எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் ஐந்தாறு செடிகளுக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் கழித்து இலை ஓரம் கருகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கடையில் வாங்கும் வேம்புத் தயாரிப்புகளில் அசாடிராக்டின் அளவு 300, 1,500, 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று பலவாறாக இருக்கும். லேபிளில் உள்ள எண்ணைப் பார்க்காமல், பக்கத்து வயல்காரர் ஊற்றிய மூடிக் கணக்கில் ஊற்றினால் ஒன்று வீணாகும், அல்லது இலை கருகும்.

மாடு தின்னாத இலைகள்

வேப்பங்கொட்டை கிடைக்காத மாதங்களில் இலைக் கரைசல்தான் கைகொடுக்கும். எந்த இலை என்பதற்கு நம் முன்னோர் வைத்திருந்த அளவுகோல் மாட்டின் வாய். ஆடாதோடையும் நொச்சியும் வேலியோரம் தழைத்து நின்றாலும் மாடு வாய் வைக்காது. எருக்கை ஒடித்தால் பால் வடியும். புங்கனும் வேம்பும் கசக்கும். இவற்றில் கிடைக்கும் நான்கைந்தில் வகைக்கு 1 கிலோ எடுத்து, நறுக்கி இடித்து, 5 லிட்டர் கோமியமும் 10 லிட்டர் தண்ணீரும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டிய பிளாஸ்டிக் டிரம்மில் நிழலில் பத்து நாள் வைத்து, தினமும் ஒரு முறை குச்சியால் கலக்கிவிட வேண்டும். வடித்த சாற்றில் 1 லிட்டரை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு நிகராக இதை நான் சொல்ல மாட்டேன். இலையிலும் கோமியத்திலும் உள்ள சத்து ஆளுக்கு ஆள், மாட்டுக்கு மாடு மாறுவதால் பலனும் மாறும். பூச்சி வருவதற்கு முன்பே பத்து நாளுக்கு ஒரு முறை அடித்துவருபவர்களுக்கு இது உதவுகிறது. ஊமத்தையையும் அரளியையும் சிலர் சேர்க்கிறார்கள். சிறு குழந்தைகள் திரியும் வீட்டில் அவற்றை இடிப்பது ஆபத்து, நான் சேர்ப்பதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும் என்பதால், ஒடிக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அசுவினி, இலைப்பேன் போன்ற மெல்லுடல் பூச்சிகளுக்குப் பூண்டு 200 கிராம், இஞ்சி 100 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே அரைத்து, ஒன்றாகக் கலந்து வடிகட்டி, பூந்திச் சாற்றோடு 10 லிட்டராக்கித் தெளிக்கலாம். மிளகாய்ச் சாறு காற்றில் திரும்பி முகத்தில் அடிக்கும்போதுதான் அதன் வீரியம் தெரியும். கண்ணாடியும் முகத்துணியும் இல்லாமல் தெளிக்கவே கூடாது.

புகையிலைக் கசாயத்தைத் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். நிக்கோட்டின் மனிதருக்கும் கொடிய நஞ்சு என்பது ஒரு காரணம். உலர்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கக்கூடிய தேமல் வைரஸ் இந்தக் குடும்பச் செடிகளுக்கு எளிதில் தொற்றும் என்பது மற்றொரு காரணம். பீடியோ சுருட்டோ பிடித்த கையைக் கழுவாமல் நாற்றைத் தொடுவதும் இதே காரணத்தால் தவறு.

தெளிக்கும் முறை

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் அசாடிராக்டினை விரைவாகச் சிதைப்பதால், பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகே தெளிக்க வேண்டும். பொழுது சாயச் சாயப் பூக்களில் தேனீக்களின் நடமாட்டமும் குறையும். நாசிலை மேலிருந்து கீழாகப் பிடித்து நடப்பது பாதி வேலைகூட அல்ல. முட்டையும் வெள்ளை ஈயின் குஞ்சும் அசுவினியும் இலைக்கடியில் இருக்கும்போது, மேலே அடிக்கும் சாறு அவற்றைத் தொடாது. தெளிப்புக் குழலைச் செடியின் அடியில் நுழைத்து, நாசில் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டே வாருங்கள். இலைகள் மேல்நோக்கிப் புரண்டு அசைவது தெரிந்தால் சாறு சேர வேண்டிய இடத்தில் சேர்கிறது என்று பொருள். ஏழு முதல் பத்து நாளில் மறுபடி தெளிக்க வேண்டும். நடுவில் நல்ல மழை பெய்தால் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

தெளித்த மறுநாள் காலையில் செத்த புழுக்களைத் தேடிப் போகாதீர்கள். இரண்டாம் நாள் புழு இலையில் இருக்கும், ஆனால் கீழே புதிய எச்சம் விழாது. நான்காம் ஐந்தாம் நாளில் பார்த்தால், உடல் சுருங்கிக் கறுத்து, பழைய தோல் பாதி கழன்று வாலில் மாட்டிக்கொண்ட நிலையில் சில புழுக்கள் அசையாமல் ஒட்டியிருக்கும். புதிதாக விரிந்த கொழுந்தில் ஓட்டை இல்லையென்றால் தெளிப்பு பலித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது. 2014-இல் இந்தியாவுக்குள் நுழைந்த தக்காளி ஊசிப்புழு இலையின் இரு தோல்களுக்கும் நடுவில் புகுந்துகொள்வதால், பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இல்லாமல் கரைசலை மட்டும் நம்பி அதை அடக்க முடியாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் ஏற்கெனவே தாக்கிய செடியை எந்தச் சாறும் மீட்காது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதும், அடுத்த முறை நாற்றை நைலான் வலைக்குள் வளர்ப்பதும்தான் வழி. அதே நேரத்தில், அசுவினிக் கூட்டத்தின் நடுவே பொறிவண்டும் அதன் முதலைக் குட்டி போன்ற புழுக்களும் நிறைய இருந்தால், அந்தப் பகுதியைத் தெளிக்காமல் நான்கு நாள் விட்டுப் பாருங்கள். அவை தின்று முடித்துவிடும்.

கீரையும் கொத்தமல்லியும் விற்பனைக்குப் பறிப்பவர்கள் நான்கைந்து நாள் முன்னதாகவே தெளிப்பை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் வாயில் கசக்கும். வேம்புச் சாறு மீனுக்கு ஆகாது என்பதால் தெளிப்பானைக் கிணற்று மேட்டிலும் ஏரிக்கரையிலும் கழுவக் கூடாது. மூன்று முறை அலசிய தண்ணீரை வயல் வரப்பிலேயே ஊற்றிவிடலாம். பிழிந்தெடுத்த பருப்புச் சக்கையை எறியாமல், அதே மாலையில் செடியின் வேரோரம் சிறு பள்ளம் பறித்துப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள்.